மார்க் 3 அம்பாசடர்: பெல்ட் விசிறியைக் கழற்றிவிட்டு மின்விசிறி போடலாமா? ஏற்காட்டு ஏற்றத்துக்காகக் கேட்கிறேன்

கோரிமேட்டுக்காரன் | ஞாயிறு, இரவு 9.50

அனைவருக்கும் வணக்கம். அப்பா விட்டுச்சென்ற 1978-ம் வருட அம்பாசடர், மார்க் 3, பெட்ரோல், 1489 சிசி. அம்மா ஏற்காட்டில் இருக்கிறார், நான் சேலத்தில். வாரம் ஒருமுறை மேலே போய் வருகிறேன்.

மூன்று மாதமாக ஒரே தொல்லை. அடிவாரத்துச் சோதனைச்சாவடியைத் தாண்டும்போது வெப்பமானியின் முள் நல்லபிள்ளையாக நடுவில் நிற்கிறது. பத்தாவது கொண்டை ஊசி வளைவுக்குப் பிறகு நகரத் தொடங்கி, பதின்மூன்று பதினான்கில் ரேடியேட்டர் மூடியோரம் ஆவி வந்துவிடுகிறது. இன்று ஓரம்கட்டி, பானெட்டைத் திறந்துவைத்து, பின்சீட்டில் இருந்த வாழைப்பழத்தைக் குரங்குகளிடமிருந்து காப்பாற்றிக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். அந்த வழியாகப் போன ஒவ்வொருவரும் ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதில் ஒருவர், "இந்தப் பெல்ட் விசிறியைத் தூக்கிப் போடு. பழைய மாருதி விசிறி ஒன்றை வாங்கி ஒரு சுவிட்ச் வைத்து மாட்டு, ஊட்டிக்கே போகலாம்" என்றார். செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என்ன வாங்க வேண்டும், எங்கே மாட்ட வேண்டும், என்ன செலவாகும்?

குகைப் பட்டறை | ஞாயிறு, இரவு 10.15

தம்பி, செலவு இருக்கட்டும். கொதித்தது வண்டி ஏறிக்கொண்டிருந்தபோதா, எதன் பின்னாலாவது நின்றிருந்தபோதா? இதற்குப் பதில் சொல்லுங்கள். அதுவரை எந்தச் சாமானும் வாங்க வேண்டாம்.

புதுச்சாவி | ஞாயிறு, இரவு 10.40

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மின்விசிறி போட்டுவிட்டால் ஃபேன் பெல்ட்டே தேவையில்லைதானே? பெல்ட் அறுந்து நடுவழியில் நிற்கும் தொல்லையும் தீர்ந்துவிடுமே?

குகைப் பட்டறை | ஞாயிறு, இரவு 10.48

தீராது. பெயர்தான் ஃபேன் பெல்ட். அந்த ஒற்றைப் பெல்ட்தான் வாட்டர் பம்பையும் டைனமோவையும் சுற்றுகிறது. பெல்ட்டைக் கழற்றினால் தண்ணீர் ஓடாது, கரண்டும் வராது. விசிறியை எடுத்தாலும் பெல்ட் அதே இடத்தில் இருக்கும், அறுந்தால் அதே இடத்தில்தான் நிற்பீர்கள்.

கோரிமேட்டுக்காரன் | திங்கள், காலை 7.05

ஐயா, யோசித்துப் பார்த்தேன். கொதித்த மூன்று முறையும் ஞாயிற்றுக்கிழமை. மூன்று முறையும் முன்னால் சுற்றுலாக்காரர்களின் வரிசை. நின்று, நகர்ந்து, நின்று. ஒரு புதன்கிழமை விடியற்காலையில் போனபோது கொதிக்கவில்லை. ஆனால் அன்றும் முள் வழக்கத்தைவிட மேலேதான் இருந்தது.

மின்கணக்கு | திங்கள், காலை 8.30

இந்தப் பதிலில் எல்லாம் இருக்கிறது. நான் மெக்கானிக் இல்லை, கணக்குப் போடுகிறவன். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு சுமார் 1,500. அடிவாரத்திலிருந்து மேலே போக வண்டி ஏறுவது ஏறத்தாழ 1,100 மீட்டர் என்று வையுங்கள். ஆளோடும் மூட்டையோடும் வண்டி 1,400 கிலோ. முக்கால் மணி நேரத்தில் ஏறினால், அந்த எடையைத் தூக்குவதற்கு மட்டும் தேவைப்படுவது சராசரியாக ஐந்தரைக் கிலோவாட். குதிரைத்திறனில் சொன்னால் ஏழரை. (ஆமாம், ஏழரைதான். சிரித்துக்கொள்ளுங்கள்.) டயர் உராய்வையும் சேர்த்தால் ஒன்பது, பத்து.

இது பெரிய உழைப்பே இல்லை. நாற்கர சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்றையும் டயர் உராய்வையும் சமாளிக்க இதைவிட அதிகமாகவே எஞ்சின் உழைக்கிறது. அங்கே கொதிக்காத வண்டி இங்கே கொதிக்கக் காரணம், அங்கே ரேடியேட்டருக்கு 80 கிலோமீட்டர் வேகக் காற்று சும்மா கிடைக்கிறது, இங்கே 25-தான் கிடைக்கிறது. மீதியை விசிறி ஈடுகட்ட வேண்டும்.

இப்போது விசிறியைப் பாருங்கள். பெல்ட் விசிறி எஞ்சினின் அடிமை. இரண்டாவது கியரில் 30-ல் ஏறும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 2,400, 2,500 சுற்று ஓடும். விசிறியும் அதே மாதிரி இரைந்துகொண்டு நன்றாகவே இழுக்கும். ஆக, தடையில்லாத ஏற்றத்தில் பெல்ட் விசிறிக்குக் குறையே இல்லை. வரிசையில் நின்றுவிட்டால் எஞ்சின் 700 சுற்றுக்கு இறங்கிவிடும், விசிறியும் சோம்பிவிடும். ஆனால் அதுவரை ஏறிய சூடு முழுவதும் இரும்புக்குள் இருக்கிறது. மின்விசிறிக்கு எஞ்சின் வேகத்தைப் பற்றிக் கவலை இல்லை, வண்டி நின்றாலும் முழு வேகத்தில் சுற்றும். உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு அது உதவும்.

புதன்கிழமைக்கு உதவாது. காலி ரோட்டில், பெல்ட் விசிறி நன்றாகச் சுற்றும்போதும் முள் ஏறியது என்றால் குற்றவாளி விசிறி இல்லை.

பத்மினி பிரியர் | திங்கள், காலை 9.10

மின்விசிறி போட்டால் மைலேஜ் கூடும், பிக்கப் கூடும் என்கிறார்களே?

மின்கணக்கு | திங்கள், காலை 9.25

விசிறியைச் சுற்றத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியில் ஏறும். சுற்று இரட்டிப்பானால் எட்டு மடங்கு. அதனால் 4,000 சுற்றில் பெல்ட் விசிறி தின்பது கணிசம், 1,500-ல் அது ஒன்றுமே இல்லை. உங்கள் பத்மினி காரை நீங்கள் எப்போதாவது 4,000-க்குக் கொண்டுபோனால் வித்தியாசம் தெரியும்.

பத்மினி பிரியர் | திங்கள், காலை 9.31

அதன் வயதில் அதை நான் அப்படிப் படுத்துவதில்லை.

காபித்தோட்டம் | திங்கள், மதியம் 1.20

நான் ஏற்காட்டில் இருப்பவள். முப்பது வருடமாக ஜீப் ஓட்டுகிறேன். இறங்குவதும் ஏறுவதும் எனக்கு அடுப்பங்கரைக்கும் முற்றத்துக்கும் போய்வருவது போல. தம்பிக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, இங்கே மேலே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. ஏறத்தாழ 95-லேயே கொதித்துவிடும். பருப்பு வேகவில்லை என்று புதிதாகக் குடிவந்தவர்கள் புலம்புவதும் இதனால்தான். ரேடியேட்டர் மூடி அழுத்தம் பிடித்தால்தான் கொதிநிலை மேலே போகும். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால், சேலத்தில் தாக்குப்பிடிக்கும் அதே சூட்டில் இங்கே கொப்பளித்துவிடும். விசிறிக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் மூடியை மாற்றிப் பாருங்கள்.

இரண்டு, பெல்ட் விசிறி ரேடியேட்டருக்கு மட்டும் காற்று தருவதில்லை. பெட்ரோல் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் அதுதான் காற்று. அதை எடுத்துவிட்டால் பானெட்டுக்குள் காற்றோட்டம் செத்துவிடும். தண்ணீர் கொதிக்காது, பெட்ரோல் கொதிக்கும். பிறகு பம்பின்மேல் ஈரத்துணி போட்டுக்கொண்டு நிற்பீர்கள். மலையில் பழைய பெட்ரோல் வண்டிக்காரர் எல்லோரிடமும் ஒரு துண்டும் ஒரு பாட்டில் தண்ணீரும் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா?

நான் செய்தது வேறு. பெல்ட் விசிறியை அப்படியே விட்டுவிட்டு, ரேடியேட்டருக்கு முன்னால் சின்ன மின்விசிறி ஒன்று வைத்திருக்கிறேன். வரிசையில் நிற்கும்போது மட்டும் போடுவேன்.

குகைப் பட்டறை | திங்கள், மாலை 6.40

அக்கா சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். முன்னால் வைக்கும் விசிறி சுற்றாதபோது, அதன் மோட்டாரும் சட்டமும் வரும் காற்றை மறைக்கும். ஜீப்பின் ரேடியேட்டர் அகலம், தாங்கும். அம்பாசடரின் கிரில்லுக்குப் பின்னால் அவ்வளவு இடமும் இல்லை.

தம்பி, இப்போது நான் சொல்லும் வேலையைச் செய்யுங்கள். வண்டியை ஓட்டிச் சூடாக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு, ரேடியேட்டரின் முகத்தில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழாகத் தடவுங்கள். சூடு சீராகக் குறைந்துகொண்டே வர வேண்டும். ஓரிடம் சுட்டு, பக்கத்து இடம் ஜில்லென்று இருந்தால் அங்கே குழாய் அடைத்திருக்கிறது. மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும். டைமிங்கையும், அதாவது எஞ்சினில் தீப்பொறி விழும் நேரத்தையும் பாருங்கள். பின்தங்கிப் போயிருந்தால் அதுவே சூட்டைக் கூட்டும்.

தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) இருக்கிறதா என்றும் பாருங்கள். பாதிப் பழைய வண்டிகளில் யாரோ ஒரு புண்ணியவான் அதைக் கழற்றிப் போட்டிருப்பார்.

சங்ககிரி லாரி | திங்கள், இரவு 8.00

எங்கள் வண்டிகளில் வேறு ஏற்பாடு. விசிறிக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் பிசின்போன்ற சிலிக்கான் எண்ணெய் அடைத்த கிளட்ச் இருக்கும். ரேடியேட்டரிலிருந்து வரும் காற்று சூடானால் முன்பக்கத்தில் உள்ள உலோகச் சுருள் வளைந்து எண்ணெயை உள்ளே விடும், விசிறி பிடித்துக்கொள்ளும். குளிர்ந்தால் விட்டுவிடும். தொப்பூர் கணவாயில் ஏறும்போது திடீரென்று விமானம் புறப்படுவது போல ஓர் இரைச்சல் கேட்கிறதே, அது இதுதான். பெல்ட்டின் பலமும் உண்டு, தேவையில்லாதபோது ஓய்வும் உண்டு. அம்பாசடருக்குப் பொருத்த நானே ஒருமுறை ஆசைப்பட்டு அளந்து பார்த்தேன். இடம் இல்லை.

பத்மினி பிரியர் | செவ்வாய், காலை 10.00

இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பது என் கருத்து. முன்பெல்லாம்...

நெறியாளர் | செவ்வாய், காலை 10.20

எத்தனாலுக்குத் தனி இழை இருக்கிறது, நானூறு பதிவுகளைத் தாண்டிவிட்டது. அங்கே போய்ச் சண்டை போடுங்கள். இங்கே விசிறி.

கோரிமேட்டுக்காரன் | சனி, இரவு 9.15

ஐயா, உங்கள் உள்ளங்கை வைத்தியம் பலித்துவிட்டது. இடது கீழ்மூலை, ஒரு தோசைக்கல் அளவுக்கு, பச்சைத் தண்ணீர் போல ஜில்லென்று இருந்தது. மேல்பக்கம் கை வைக்க முடியவில்லை.

ரேடியேட்டரைக் கழற்றிச் செவ்வாய்ப்பேட்டையில் ரேடியேட்டர் வேலை செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனேன். மேல் ஹோஸ் வாயில் தண்ணீர்க் குழாயை வைத்தார். கீழே மளமளவென்று கொட்ட வேண்டியது, பிள்ளைக்கு மருந்து ஊற்றுவது போல ஒழுகியது. அப்புறம் மேல் தொட்டியின் ஈயப் பற்றை ஊதுவிளக்கால் உருக்கி எடுத்தார். உள்ளே பார்த்ததும் எனக்கே அருவருப்பாக இருந்தது. முட்டை ஓடு நிறத்தில் உப்பு, தகடு தகடாக, செப்புக் குழாய்களின் வாயை மூடியிருந்தது. அப்பா காலத்திலிருந்து வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்றிவந்தோம். அதே தண்ணீரில் காய்ச்சும் வெந்நீர்ப் பானையின் அடியில் என்ன படியும் என்று தெரியும். அதே விஷயம் வண்டிக்குள்ளும் நடக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

மெல்லிய எஃகுப் பட்டை ஒன்றை ஒவ்வொரு குழாயிலும் விட்டு மேலும் கீழும் குத்தினார். ஒரு குழாய்க்கு ஏழெட்டு நிமிடம். எண்ணிப் பார்த்ததில் பதினொரு குழாய்கள் முழுக்க அடைத்திருந்தன. வெளியே வந்த தூளை ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருக்கிறேன், ஏனென்று தெரியவில்லை. தெர்மோஸ்டாட்டும் இல்லை. 82 டிகிரியில் திறக்கும் புதியது போட்டாயிற்று. மூடியும் புதிது. காய்ச்சி வடித்த தண்ணீரில் பச்சைக் கூலண்டு கலந்து ஊற்றினேன்.

நாளை காலை மேலே போகிறேன்.

கோரிமேட்டுக்காரன் | திங்கள், காலை 6.50

போய் வந்தேன். காலி ரோட்டில் இருபதாவது வளைவு வரை முள் அசையவே இல்லை. ஆனால் ஊருக்குள் நுழையும் இடத்தில், ஏரிக்குப் போகும் வரிசையில் மாட்டினேன். இருபது நிமிடம். முள் முக்காலுக்கு ஏறியது. கொதிக்கவில்லை. ஆனால் மே மாதம் கோடை விழா வரும்போது இது போதாது. அதனால் மின்விசிறி போடுவதாகவே முடிவு. திட்டாதீர்கள்.

குகைப் பட்டறை | திங்கள், காலை 7.30

திட்டவில்லை. இப்போது கேட்பதில் நியாயம் இருக்கிறது. போன வாரம் போட்டிருந்தால், அடைத்த ரேடியேட்டருக்கு விசிறி வீசிக்கொண்டிருப்பீர்கள்.

மின்கணக்கு | திங்கள், காலை 9.00

வாங்கும் முன் கரண்ட் கணக்கு. அந்தக் கால லூகாஸ் சி40 வகை டைனமோ முழு வேகத்தில் தருவதே 22 ஆம்பியர். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஏறக்குறைய பூஜ்யம். டேஷ்போர்டில் சார்ஜ் விளக்கு சிவப்பாக மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். 12 அங்குல விசிறி ஒன்று சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். ஆக, வரிசையில் நிற்கும்போது, அதாவது விசிறி தேவைப்படும் அதே நேரத்தில், டைனமோ கைவிரித்துவிடும். பேட்டரிதான் சோறு போட வேண்டும். பகலில் இருபது நிமிடம் என்றால் மூன்று ஆம்பியர் மணிகூட ஆகாது, நல்ல பேட்டரி தாங்கும்.

இரவில் மழையில் இறங்கி வருகிறீர்கள் என்று வையுங்கள். முகப்பு விளக்கு 9, வைப்பர் 3, இக்னிஷன் 3 அல்லது 4, விசிறி 8. முழு வேகத்தில் ஓடினாலும் டைனமோவை மிஞ்சிவிடுகிறது. மலையில் யார் முழு வேகத்தில் ஓடுகிறார்கள்? ஆல்டர்னேட்டருக்கு (மெதுவான ஓட்டத்திலும் கரண்ட் தரும், டைனமோவுக்குப் பதிலானது) மாறாமல் மின்விசிறி போடுவது, சம்பளம் உயரும் முன்பே வட்டிக்கு வாங்குவது போல.

இன்னொன்று. மோரிஸ் வழி வந்த மிகப் பழைய வண்டிகளில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். உங்களுடையது எப்படி என்று பார்த்துவிட்டு ஒயரைத் தொடுங்கள்.

காபித்தோட்டம் | திங்கள், காலை 11.45

இறங்கும்போது விசிறி எதற்கு? எஞ்சின் குளிர்ந்துதானே இருக்கும்?

மின்கணக்கு | திங்கள், மதியம் 12.05

அக்கா சொல்வது சரி. இறக்கத்தில் தானியங்கி சுவிட்ச் விசிறியைப் போடவே போடாது. மழையிரவில் *ஏறும்* கணக்கு என்று திருத்தி வாசியுங்கள்.

கோரிமேட்டுக்காரன் | ஞாயிறு, இரவு 8.30 (மூன்று வாரம் கழித்து)

வேலை முடிந்தது. படிப்படியாக எழுதுகிறேன், பிறகு வருபவர்களுக்கு உதவும். நான் செய்த மடத்தனங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் டைனமோவை எடுத்துவிட்டு 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டர். தாங்கியை வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது, பெல்ட் நீளமும் மாறியது.

விசிறி, பழைய சாமான் கடையில் வாங்கிய 12 அங்குலம். கடையிலேயே பேட்டரியில் கொடுத்துச் சுற்றிப் பார்த்தேன். மோட்டாரின் கனம் ஆறரை சென்டிமீட்டர். பழைய விசிறியை எடுத்த பிறகு பம்ப் கப்பிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஒன்பது இருந்தது. இரும்பு ஸ்கேலை வைத்து மூன்று தடவை அளந்தேன். எஞ்சின் ரப்பர் மவுண்டுகளில் முன்னும் பின்னும் அசையும் என்பதால் அந்த இரண்டரை சென்டிமீட்டர் ஆடம்பரம் இல்லை.

கடைக்காரர் பிளாஸ்டிக் பட்டைகளை ரேடியேட்டரின் இதழ்களுக்கு ஊடே குத்தி இறுக்கச் சொன்னார். செய்யவில்லை. ஆடி ஆடிக் குழாயை அறுத்துவிடும் என்று குகை ஐயா தனிச்செய்தியில் எச்சரித்திருந்தார். பக்கவாட்டுச் சட்டத்தில் இரண்டு இரும்புப் பட்டைகளைப் போல்ட் போட்டு, ரப்பர் வளையம் வைத்து அதில் மாட்டினேன். தகரவேலை செய்பவரிடம் சொல்லி விசிறியைச் சுற்றி அலுமினியத் தகட்டில் ஒரு கூடு செய்தேன். கூடு இல்லாவிட்டால் விசிறி தன் வட்டத்துக்கு நேரே உள்ள காற்றை மட்டும் இழுக்கும், நான்கு மூலைகளும் சும்மா இருக்கும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கு நடுவே அவர் கடை. கொலுசுக்காரர்களின் சகவாசமோ என்னவோ, விளிம்பை அவ்வளவு நேர்த்தியாக மடித்துக் கொடுத்தார்.

ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்): 30-ம் முனைக்குப் பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக, 87 விசிறிக்கு, 86 சாவியிலிருந்து, 85 வெப்ப சுவிட்ச் வழியாக பாடிக்கு. சுவிட்சுக்கு ரேடியேட்டரின் மேல் தொட்டியில் திருகு வாய் ஒன்றைப் பற்றவைத்தோம். 92-ல் ஒட்டும், 87-ல் விடும். அதற்கு இணையாக டேஷ்போர்டில் கையால் போடும் சுவிட்ச் ஒன்று, சின்ன விளக்கோடு. விசிறிக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர்.

மடத்தனம் ஒன்று: விசிறி காற்றை இழுக்கிறதா என்று பார்க்க கிரில்லுக்கு முன்னால் செய்தித்தாள் ஒன்றைப் பிடித்தேன். ஒட்டிக்கொள்ள வேண்டிய தாள் பறந்து என் முகத்தில் வந்து விழுந்தது. பிளஸ் மைனஸ் மாறியதில் விசிறி தலைகீழாகச் சுற்றி, ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று வீசிக்கொண்டிருந்தது. ஒயரை மாற்றியதும் தாள் பல்லி போல கிரில்லில் அப்பிக்கொண்டது.

மடத்தனம் இரண்டு: அஸ்தம்பட்டி தாண்டும்போது முன்னாலிருந்து 'டக், டக்' என்று ஒரு சத்தம். எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கியது. வீட்டுக்குத் திரும்பி இரண்டு மணி நேரம் தேடினேன். கிடைக்கவில்லை.

குகைப் பட்டறை | ஞாயிறு, இரவு 8.41

பழைய விசிறியின் நான்கு போல்ட்டுகளையே திரும்பப் போட்டீர்களா?

கோரிமேட்டுக்காரன் | ஞாயிறு, இரவு 8.44

ஆமாம் ஐயா.

குகைப் பட்டறை | ஞாயிறு, இரவு 8.58

வண்டியை நாளை எடுக்காதீர்கள். அந்த நான்கு போல்ட்டும் விசிறியையும் கப்பியையும் சேர்த்துப் பம்ப் தலையில் பிடிப்பவை. விசிறியை எடுத்ததும் அதன் கனத்துக்கு போல்ட் நீளம் மிச்சம். இறுக்கினால் இறுகியது போலத் தெரியும், உண்மையில் நுனி உள்ளே போய் முட்டி நின்றிருக்கும், கப்பி தளர்வாக ஆடும். அந்தச் சத்தம் அதுதான். நாளாக நாளாக ஓட்டை நீள்வட்டமாகும், அப்புறம் ஒருநாள் கப்பியும் பெல்ட்டும் பம்பும் சேர்ந்து போகும். ஒன்று, நீளம் குறைந்த போல்ட் வாங்குங்கள். அல்லது விசிறித் தகட்டின் கனத்துக்கு வளையம் வெட்டி அடியில் வையுங்கள். நான் என்றால் போல்ட்டை மாற்றுவேன். ஸ்பிரிங் வாஷர் மறக்க வேண்டாம்.

கோரிமேட்டுக்காரன் | திங்கள், இரவு 7.20

அதேதான். கப்பியைப் பிடித்து அசைத்தால் நகக்கண் அளவு ஆடியது. நான்கு போல்ட்டும் மாற்றிவிட்டேன், சத்தம் போய்விட்டது. வாயில் சொல்ல நன்றி பத்தாது.

புதுச்சாவி | திங்கள், இரவு 7.50

ஏற்காட்டுக்குப் போனீர்களா, இல்லையா?

கோரிமேட்டுக்காரன் | ஞாயிறு, இரவு 10.10

இன்று போனேன், வேண்டுமென்றே கூட்டமான நேரத்தில். 60 அடி பாலம் அருகே சுற்றுலா வேன் ஒன்று மூச்சு வாங்கி நிற்க, பின்னால் நாங்கள் எல்லோரும். ஏறுகிறவனுக்குத்தான் வழிவிட வேண்டும் என்ற விதி இறங்கி வந்தவர்கள் யாருக்கும் நினைவில்லை. முள் ஏறியது, சின்ன விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது. நான்கு நிமிடத்தில் விளக்கு அணைந்தது. மறுபடி எரிந்தது. இப்படி ஐந்து தடவை. முள் அரைக்கு மேலே போகவில்லை.

ஆனால் அக்கா வென்றுவிட்டார். மேலே ஒரு தேநீர்க் கடையில் நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து வந்தால் வண்டி கிளம்பவில்லை. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பானெட்டைத் திறந்தால் அடுப்புக்குள் தலையை விட்டது போல. பெட்ரோல் பம்பைத் தொட முடியவில்லை. கடைக்காரரிடம் ஒரு துணி கேட்டேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் நனைத்தே கொடுத்தார்.

காபித்தோட்டம் | ஞாயிறு, இரவு 10.25

நான்தான் சொன்னேனே! எந்தக் கடை என்றும் எனக்குத் தெரியும், அந்தத் துணி அதற்காகவே அங்கே இருக்கிறது. உயரத்தில் பெட்ரோலும் சீக்கிரம் ஆவியாகும் தம்பி. நிறுத்தியதும் சாவியை எடுக்காமல், எஞ்சினை மட்டும் அணைத்து விசிறியை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட முடியுமா?

மின்கணக்கு | ஞாயிறு, இரவு 10.50

முடியும், ஆனால் சாவியைப் போட்டே வைத்தால் இக்னிஷன் காயில் சூடாகிக் கெடும். அதற்குப் பதில் ரிலேயின் 86-ஐச் சாவியிலிருந்து எடுத்து, ஃபியூஸ் வழியாக நேரே பேட்டரிக்குக் கொடுங்கள். சாவியை எடுத்த பிறகும் 87-க்கு இறங்கும்வரை விசிறி சுற்றும், பிறகு தானே நிற்கும். பேட்டரியில் போவது அரை ஆம்பியர் மணிக்கும் குறைவு. கைச் சுவிட்சை மட்டும் மறந்து போட்டுவைக்காதீர்கள், காலையில் பேட்டரி இருக்காது. பானெட்டுக்குள் கை வைக்கும் முன் அந்த ஃபியூஸைப் பிடுங்குங்கள். எஞ்சின் அணைந்திருக்கும்போது விசிறி திடீரென்று சுற்றினால் விரல் போய்விடும்.

பம்புக்கும் புகைபோக்கிக் குழாய்க்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பும் வைக்கலாம். அந்தக் கொலுசுத் தெருத் தகரக்காரரிடமே கேளுங்கள்.

பத்மினி பிரியர் | திங்கள், காலை 6.30

பழைய விசிறியை என்ன செய்தீர்கள்? விற்பதானால் சொல்லுங்கள்.

கோரிமேட்டுக்காரன் | திங்கள், காலை 7.00

விற்க மாட்டேன் ஐயா. டிக்கியில், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், பழைய நீள போல்ட் நான்கோடு கட்டி வைத்திருக்கிறேன். மோட்டார் செத்தால் வழியிலேயே மாட்டிக்கொண்டு வீடு வரலாம்.

அம்மாவுக்குத்தான் ஒரு மனக்குறை. கடைசித் திருப்பத்தில் அந்த விசிறியின் இரைச்சல் கேட்டதும்தான் இத்தனை வருடமும் டிகாக்‌ஷனுக்குத் தண்ணீர் வைப்பாராம். நேற்று நான் வாசலில் நின்று கூப்பிட்ட பிறகுதான் வெளியே வந்தார். காபிக்குக் கால் மணி நேரம் காத்திருந்தேன்.

குகைப் பட்டறை | திங்கள், காலை 7.15

அடுத்த முறை திருப்பத்தில் ஹாரன் அடியுங்கள். அந்த நான்கு போல்ட்டையும் 500 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.